தகாஸ்தே தந்த தாய்

உலக வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர் தொடுத்தவர், கோட்டை எழுப்பியவர், நாடு பிடித்தவர் ஆகியோரின் பெயர்கள் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன. அவர்களைச் சுமந்து பெற்ற தாயரைப் பற்றி அக்கற்கள் ஒன்றும் கூறுவதில்லை. வைகறையில் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு உணவளித்து, இறைவன் திருமுன் நின்று குடும்பத்தின் பொருட்டு வேண்டி, மாலையில் விளக்கேற்றி, ஒரு நாள் ஓசையின்றி மறைந்துபோன பெண்கள் எத்தனை கோடி! அவர்களுள் ஒருவரையேனும் பண்டை வரலாறு நமக்கு அருகில் நிறுத்திக் காட்டுகிறதா என்று தேடினால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இப்பொதுநிலைக்கு விலக்காக விளங்குபவர் மோனிக்கா அம்மையார். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த இவர் அரசியும் அல்லர், புலவரும் அல்லர். நாள்தோறும் காலையும் மாலையும் தவறாமல் ஆலயம் சென்ற ஒரு குடும்பத் தலைவி. மூன்று பிள்ளைகளுக்குத் தாய். பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டி. அவ்வளவே. எனினும் பதினாறு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அவருடைய சிறுவயதுக் குறும்பு முதல் இறுதி நாளின் சொற்கள் வரை நாம் அறிகிறோம். அதற்குக் காரணம் அவர் மகன் அகுஸ்தீனார் எழுதிய ‘ஒப்புரைகள்’ என்னும் நூலாகும். ஏறத்தாழ 397ஆம் ஆண்டிலிருந்து 401ஆம் ஆண்டிற்குள் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்நூலின் ஒன்பதாம் பகுதியில், மகன் தன் தாயை நினைவுகூர்கிறார். அந்த நினைவு வெறும் புகழ்மாலையாக இல்லை. தாயின் குறையையும் நிறையையும் ஒருங்கே காட்டும் நேர்மையான சான்றாக இருக்கிறது. அதுவே அதன் சிறப்பு.

மிடாவின் அருகே ஒரு சிறுமி

இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் ஊர், அந்நாளில் உரோமைப் பேரரசுக்கு உட்பட்ட தகாஸ்தே என்னும் சிறு நகரமாக இருந்தது. கடலிலிருந்து விலகி, மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர் அது. மோனிக்கா ஏறத்தாழ 331ஆம் ஆண்டில் ஒரு கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பெயர் அம்மண்ணின் பழங்குடிகளான பெர்பர் மக்களின் மொழிவழி வந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அக்குடும்பத்தில் முதிய பணிப்பெண் ஒருவர் இருந்தார். மோனிக்காவின் தந்தை குழந்தையாக இருந்தபோது அவரை முதுகில் சுமந்து வளர்த்தவர் அவர். அக்காரணத்தால் வீட்டில் அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. பெண்பிள்ளைகளின் வளர்ப்பு அவர் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. உணவு வேளை தவிர மற்ற நேரங்களில் தண்ணீர் குடிப்பதற்கும் அவர் இசைவு தருவதில்லை. இன்று தண்ணீருக்கு ஆசைப்படும் பெண், நாளை வீட்டுத் தலைவியாகி மதுவறையின் திறவுகோலைக் கையில் பெறும்போது மதுவுக்கு ஆசைப்படுவாள் என்பது அந்த மூதாட்டியின் கருத்து.

அவ்வளவு கண்டிப்புக்கிடையிலும் ஒரு பிழை நேர்ந்தது. மிடாவிலிருந்து திராட்சை மதுவை மொண்டு வரும் வேலை சிறுமி மோனிக்காவுக்கு அளிக்கப்பட்டது. குடத்தில் ஊற்றுவதற்கு முன் உதட்டு நுனியால் ஒரு துளி சுவைத்தாள். ஆசையினால் அன்று, இளமைக் குறும்பினால். நாளுக்கொரு துளி கூடிக்கூடி, இறுதியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கமாயிற்று. ஒரு நாள் உடன் சென்ற வேலைக்காரப் பெண் சினம் மிகுந்து, ‘குடிகாரி’ என்னும் பொருள்பட ஒரு சொல்லை வீசினாள். அந்தச் சொல் சிறுமியின் நெஞ்சில் தைத்தது. அன்றோடு அப்பழக்கத்தை விட்டாள். மூதாட்டியின் கட்டுப்பாடு செய்யாததைத் தன் பிழையைத் தானே உணர்ந்த வெட்கம் செய்துவிட்டது.

பிற்காலத்தில் ஆயராக உயர்ந்த மகனுக்கு இச்செய்தியைச் சொன்னவர் வேறு யாருமல்லர், தாயே. தன் குற்றத்தைப் பிள்ளையிடம் மறைக்காத தாயையும், அதை உலகிடம் மறைக்காத மகனையும் இந்நிகழ்ச்சியில் ஒருசேரக் காண்கிறோம்.

இல்லறமும் பொறுமையும்

உரிய வயது வந்ததும் மோனிக்கா பத்ரீசியு என்பவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். பத்ரீசியு சிறிதளவு நிலம் உடையவர். நகர் மன்றத்தில் உறுப்பினர். அவர் கிறித்துவர் அல்லர். அன்புள்ளவரே ஆயினும் முன்கோபி. பிற பெண்டிரை நாடும் ஒழுக்கக்கேடும் உடையவர். அம்மையார் அவரோடு வாதிடவில்லை. சினம் தணிந்து அமைதி திரும்பிய நேரம் பார்த்துத் தம் கருத்தை எடுத்துரைப்பார். அவ்வூரில் சாந்தமான கணவரைப் பெற்ற பெண்கள் பலர்கூட அடிபட்ட தழும்புகளோடு வந்து முறையிட்டபோது, இத்தகைய முரடருடன் வாழும் மோனிக்கா மட்டும் ஒரு நாளும் அடிபட்டதில்லையே என்று ஊர் வியந்தது.

கணவர் கைநீட்டாதது பெருமைக்குரிய செய்தியாக எண்ணப்பட்ட காலம் அது. திருமண ஒப்பந்தம் அடிமை ஓலையே என்று அம்மையார் அப்பெண்களிடம் வேடிக்கை கலந்து கூறுவாராம். அவ்வேடிக்கைக்குள் எத்தனை தலைமுறைப் பெண்களின் துயரம் அடங்கியிருக்கிறது! அவருடைய பொறுமையைப் போற்றுவோர், அப்பொறுமையை அவர்மேல் சுமத்திய சமுதாயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாமியார் மருமகள் பிணக்கும் அங்கு இல்லாமல் இல்லை. வேலைக்காரிகள் கோள்மூட்டியதால் மாமியார் தொடக்கத்தில் மருமகளை வெறுத்தார். மோனிக்காவின் பணிவும் இடைவிடாப் பணிவிடையும் நாளடைவில் அவர் மனத்தை மாற்றின. கோள் சொன்னவர்கள் யார் என்பதை மாமியாரே மகனிடம் சொல்லித் தண்டிக்கச் செய்தார்.

அம்மையாரிடம் இருந்த மற்றொரு பண்பைப் பிற்காலத்தில் மகன் வியந்து எழுதுகிறார். பகைகொண்ட இருவர் ஒருவரைப்பற்றி ஒருவர் அவரிடம் வந்து கசப்பைக் கொட்டுவர். ஒருவர் சொன்னதில் மற்றவரோடு உறவை வளர்க்கக் கூடியது எதுவோ அதை மட்டுமே அம்மையார் மற்றவரிடம் கூறுவார். ஏனையவை அவரோடு நின்றுவிடும். கேட்டதையெல்லாம் பெருக்கிச் சொல்லும் நாவுகளுக்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே இச்சிறு பண்பை மகன் பெரிதாக மதித்ததில் வியப்பில்லை. இறுதியில் பத்ரீசியுவும் மனைவியின் நெறியை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்று, ஏறத்தாழ 371ஆம் ஆண்டில் காலமானார்.

கல்வியும் கண்ணீரும்

அகுஸ்தீன், நவிஜியு என்னும் ஆண்மக்கள் இருவரும், பெயர் குறிக்கப்படாத ஒரு மகளும் இத்தம்பதியர்க்குப் பிறந்தனர். 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பிறந்த அகுஸ்தீன் கூரிய அறிவினன். அவனைப் படிக்கவைக்கப் பெற்றோர் தம் வருவாய்க்கு மீறியும் செலவிட்டனர். மதௌரா என்னும் ஊரில் படித்துக்கொண்டிருந்தவன், பணம் இன்மையால் பதினாறாம் வயதில் ஓராண்டு வீட்டில் வாளா இருக்க நேர்ந்தது. பின்னர் தகாஸ்தேயின் செல்வரான உரோமானியானு என்பவர் உதவ, கார்த்தேஜ் மாநகருக்குச் சென்றான். தந்தை மறைந்த பின் தாய் அனுப்பிய பணத்தில் படிப்பைத் தொடர்ந்தான். உரோமை அறிஞர் சிசரோ எழுதிய ‘ஒர்த்தென்சியு’ என்னும் நூல் அப்போது அவன் கைக்குக் கிட்டியது. மெய்யறிவின்மீது அவன் உள்ளத்தில் தீராத வேட்கையை அந்நூல் மூட்டியது.

அவ்வேட்கை அவனைத் தாயின் நெறிக்கு அழைத்து வரவில்லை. பாரசீகப் பேரரசில் மானி என்பார் தோற்றுவித்த மானிகேய சமயத்தில் அவன் சேர்ந்தான். ஒளியும் இருளும் என்றென்றும் போரிடும் இரு முதல்கள் என்பது அச்சமயத்தின் கொள்கை. ஒன்பது ஆண்டுகள் அவன் அதில் இருந்தான். படித்த மகன் தாயின் நம்பிக்கையை எள்ளி நகையாடினான். அம்மையார் ஒரு காலத்தில் அவனைத் தம் வீட்டில் ஒரே பந்தியில் அமரவிடவும் மறுத்தார். அன்பு மிகுந்த தாயும் சினத்தால் கதவை அடைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

கதவைத் திறந்தது ஒரு கனவு. மரத்தால் ஆன அளவுகோல் ஒன்றின்மீது அம்மையார் நின்று அழுதுகொண்டிருக்க, ஒளிமிக்க இளைஞன் ஒருவன் வந்து, அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்கக் காண்பார் என்று தேற்றினான். திரும்பிப் பார்த்தால், மகன் அதே கோலின்மீது அருகில் நின்றான். இக்கனவைக் கேட்ட மகன், தாயும் ஒரு நாள் தன் கொள்கைக்கு வருவார் என்பதே அதன் பொருள் என்று சாதுரியமாக விளக்கினான். அம்மையார் தயங்காமல் மறுத்தார். மகன் இருக்கும் இடத்திற்குத் தாய் வருவார் என்று சொல்லப்படவில்லை. தாய் இருக்கும் இடத்திற்கு மகன் வருவான் என்றே சொல்லப்பட்டது என்றார். சொற்போரில் வல்ல அகுஸ்தீனை அக்கனவைவிடத் தாயின் உடனடி விடையே அதிகம் அசைத்ததாம்.

மகனோடு பேசி அவனைத் திருத்துமாறு அம்மையார் ஓர் ஆயரை வேண்டினார். இளமையில் மானிகேயர்களிடம் வளர்ந்து, அவர்களின் நூல்களைப் படித்தே அவர்களை விட்டு வெளியேறியவர் அந்த ஆயர். அகுஸ்தீன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, வாதிட்டுப் பயனில்லை, படித்துத் தானே உணர்வான் என்று அவர் சொன்னார். அம்மையார் அழுகையை நிறுத்தவில்லை. சற்றே சலிப்புற்ற ஆயர், இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பி வைத்தார். மாணவன் உள்ளத்தில் ஐயம் எழுந்துள்ளபோது அவனை அடக்க முயலாமல் படிக்க விட்ட அந்த ஆயர், சிறந்த ஆசிரியரும் ஆவார்.

துறைமுகத்தில் ஓர் இரவு

383ஆம் ஆண்டில், கார்த்தேஜில் நாவன்மை ஆசிரியராக இருந்த அகுஸ்தீன் உரோமைக்குச் செல்ல முடிவு செய்தார். தாய் கடற்கரை வரை தொடர்ந்து வந்து, ஒன்று அவர் திரும்ப வேண்டும், அல்லது தம்மையும் உடனழைத்துச் செல்ல வேண்டும் என்று பற்றிக்கொண்டார். நண்பர் ஒருவரை வழியனுப்பவே வந்ததாகவும், காற்று சாதகமாகும் வரை அவருடன் இருக்க வேண்டும் என்றும் மகன் பொய் சொன்னார். அருகில் இருந்த மறைசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் இரவு தங்குமாறு தாயை இணங்கச் செய்தார். மகன் கடல் கடந்து போய்விடக்கூடாது என்று தாய் அங்கே இரவெல்லாம் வேண்டிக்கொண்டிருக்க, மகன் ஏறிய கப்பல் கரையை விட்டு அகன்றது. பொழுது புலர்ந்தபோது அங்கே கடல் மட்டுமே இருந்தது.

கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிய தாயரின் துயரம் மலாயாத் தமிழர் அறியாததன்று. நாகப்பட்டினத்துக் கரையில் நின்று கப்பல் மறையும் வரை கண்ணீர் வடித்த அன்னையர் எத்தனையோ பேர். அவர்களுள் பெரும்பாலோர் கரையிலேயே நின்றுவிட்டனர். மோனிக்கா நிற்கவில்லை. 385ஆம் ஆண்டில் அவரே கப்பலேறினார். நடுக்கடலில் புயல் எழுந்தபோது, கடலுக்குப் புதிய பயணிகளுக்கு ஆறுதல் கூறவேண்டிய மாலுமிகளுக்கு அவரே ஆறுதல் கூறினார். இத்தாலியின் மிலான் நகரில் அரசு நாவன்மை ஆசிரியராக உயர்ந்திருந்த மகனிடம் வந்து சேர்ந்தார்.

மிலான் நகரத்து ஆலயம்

மிலானில் அந்நாளில் ஆயராக இருந்தவர் அம்புரோசு என்னும் பேரறிஞர். மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை மதுவும் கொண்டுசென்று படைத்து, பிறரோடு பகிர்ந்துண்பது ஆப்பிரிக்கக் கிறித்துவர்களின் வழக்கம். வழிபாட்டிடத்திற்குக் கூழ் கொண்டுசெல்லுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. மோனிக்கா அவ்வாறே கூடை சுமந்து சென்றபோது வாயிற்காவலர் தடுத்தார். குடிப்பழக்கத்திற்கு இடமாகிவிடும் என்பதாலும், இறந்தோர்க்குப் படைக்கும் பழஞ்சமய வழக்கத்தை ஒத்திருப்பதாலும் ஆயர் அதனைத் தடைசெய்திருந்தார். வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வழக்கத்தை அம்மையார் முணுமுணுப்பின்றி விட்டுவிட்டார். கூடையில் சுமந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்; கல்லறைகளுக்கு வேண்டுதலை மட்டும் கொண்டு சென்றார்.

சனிக்கிழமை நோன்பு பற்றியும் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. உரோமையில் அன்று நோன்பிருந்தனர். மிலானில் அவ்வழக்கம் இல்லை. எதைப் பின்பற்றுவது? தாயின் பொருட்டு மகன் ஆயரிடம் சென்று கேட்டார். உரோமையில் இருக்கும்போது தாம் நோன்பிருப்பதாகவும், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை என்றும் அம்புரோசு விடை கூறினார். செல்லும் ஊரின் வழக்கைத் தழுவி நட என்று இன்று உலகெங்கும் வழங்கும் அறிவுரைக்கு மூலமாகச் சுட்டப்படுவது, ஒரு மூதாட்டியின் இந்த எளிய ஐயமே என்பது நினைக்கத்தக்கது.

386ஆம் ஆண்டில் பேரரசனின் தாய் யுஸ்தீனா, தம் பிரிவினர்க்காக மிலானில் ஓர் ஆலயத்தைக் கைப்பற்ற முயன்றார். ஆயரோடு மக்கள் ஆலயத்திற்குள்ளேயே இரவும் பகலும் தங்கிக் காவல் இருந்தனர். அவர்கள் சோர்ந்துவிடாதிருக்கக் கீழைநாட்டு முறைப்படி பாடல்கள் பாடும் வழக்கம் அப்போது புகுத்தப்பட்டது. விழித்திருந்தோரின் முன்னணியில் மோனிக்காவும் இருந்தார்.

அம்புரோசு அகுஸ்தீனைக் காணும்போதெல்லாம், இத்தகைய தாயைப் பெற்றதற்காக அவரைப் பாராட்டுவார். மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் உவகையை வள்ளுவர் பாடினார். இங்கோ தாயைச் சான்றோர் எனப் பிறர் சொல்ல மகன் கேட்டு நிற்கிறார்.

பெயர் இழந்த பெண்

இதுவரை கண்டவை அம்மையாரின் பெருமைகள். இனிக் காண்பதை அவர் வரலாற்றில் விட்டுவிட முடியாது.

கார்த்தேஜில் மாணவராக இருந்த காலம் முதல் அகுஸ்தீன், சட்டமுறைத் திருமணம் இன்றி ஒரு பெண்ணுடன் வாழ்ந்து வந்தார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவர் ஒருவரோடு மட்டுமே உண்மையாக வாழ்ந்தார். 372ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அதேயோதாது எனப் பெயரிட்டனர். இறைவன் அளித்தவன் என்பது அதன் பொருள். தமிழில் தேவதத்தன் எனலாம்.

மிலானில் மகனின் பதவி உயர்ந்ததும், நல்ல குடும்பத்தில் அவருக்கு மணமுடிக்கத் தாய் முன்னின்று முயன்றார். திருமணம் அவரைத் திருமுழுக்குக்கு இட்டுச் செல்லும் என்பது தாயின் எண்ணம். பெண் பார்த்து உறுதி செய்தாயிற்று. அவள் மண வயதை எட்ட இன்னும் ஏறத்தாழ ஈராண்டுகள் இருந்தன. இத்திருமணத்திற்குத் தடை என்று கருதி, அத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண்ணைப் பிரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டனர். இனி வேறோர் ஆடவரை அறியேன் என்று உறுதி பூண்டு, பெற்ற மகனை விட்டுவிட்டு அவர் போனார். தம் நெஞ்சு பிளந்து குருதி கசிந்ததாக அகுஸ்தீனார் எழுதுகிறார். எனினும், அவர் அப்பெண்ணைப் போல் உறுதியாக இருக்கவில்லை. மணநாள் வரும் வரை பொறுக்காமல் வேறொருத்தியை நாடினார். இதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தத் திருமணம் பற்றி இறைவனிடமிருந்து ஏதேனும் அறிகுறி கிட்டுமா என்று தாயை வேண்டிப் பார்க்கச் சொன்னார் மகன். அம்மையார் சில தோற்றங்களைக் கண்டாலும், அவை தம் மனத்தின் ஆவலால் எழுந்தவையே, இறைவன் காட்டியவை அல்ல என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். தாம் விரும்பியதற்கு இறைவன் பெயரைத் துணைக்கு அழைக்காத அந்த நேர்மை அவருடையது. ஆனால் அதே நேர்மை, மற்றொரு தாயின் துயரத்தைக் காண அவருக்குத் துணைசெய்ததா? அதுபற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. துறைமுகத்தில் மகனை இழந்து அழுத தாயின் குடும்பத்திலிருந்தே, மகனை இழந்த இன்னொரு தாய் அதே கடலைக் கடந்து திரும்பினார். அவர் பெயர் என்ன என்பதை அகுஸ்தீனார் எழுதவில்லை.

அறிஞர் அவையில் அன்னை

386ஆம் ஆண்டின் கோடையில் மிலானில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தீனின் நெடுநாள் போராட்டம் முடிவுற்றது. திருமண எண்ணத்தையும் பதவியையும் துறந்து, கிறித்துவ நெறியை ஏற்பது என உறுதி கொண்டு தாயிடம் சென்று சொன்னார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தாய், மகன், சகோதரர், நண்பர், மாணவர் ஆகியோருடன் காசிச்சியாக்கும் என்னும் சிற்றூரில், நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில் தங்கினார். அங்கே நடந்த உரையாடல்கள் எழுதப்பட்டு நூல்களாயின.

அவற்றுள் ‘இன்ப வாழ்வு’ எனப் பொருள்படும் நூல், அகுஸ்தீனாரின் பிறந்தநாள் விருந்தோடு தொடங்குகிறது. உடலுக்கு உணவு இருப்பதுபோல் உயிருக்கும் உணவு உண்டா என்று ஆசிரியர் வினவினார். அறிவே உயிரின் உணவு என்றார் மோனிக்கா. மாணவன் ஒருவன் ஐயுற்றபோது, அன்று உண்ணும்போது அவன் என்ன உண்கிறான் என்பதையே கவனிக்காமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, அப்போது அவன் மனம் எங்கே மேய்ந்துகொண்டிருந்தது என்று கேட்டார். எடுத்துக்காட்டைக் கண்முன்னிருந்தே எடுத்துக் கற்பிக்கும் இம்முறையை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் இன்றும் கற்றுத் தருகின்றன.

விரும்பியதைப் பெற்றவன் இன்பம் உடையவனா என்பது அடுத்த வினா. நல்லதை விரும்பிப் பெற்றால் இன்பம் உடையவன். தீயதை விரும்பினால் பெற்றாலும் துன்பமுடையவனே என்று மோனிக்கா விடையளித்தார். மெய்யறிவின் கோட்டையையே தாய் பிடித்துவிட்டார் என்று மகன் வியந்தார். சிசரோவின் ‘ஒர்த்தென்சியு’ நூலிலும் அக்கருத்தே இருந்தது. தாய் அனுப்பிய பணத்தில் கார்த்தேஜில் படித்த மகன் எந்த நூலில் மெய்யறிவின் சுவையைக் கண்டாரோ, அந்நூலின் சாரத்தை, உயர்கல்வி பெறாத தாய் தம் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொன்னார்.

மற்றோர் உரையாடலில், தம் பேச்சையும் எழுதுகிறார்கள் என்று கண்ட அம்மையார், இத்தகைய நூல்களில் பெண்களைச் சேர்ப்பதுண்டா என்று கேட்டார். முற்காலத்திலும் பெண்கள் மெய்யறிவு ஆய்ந்துள்ளனர் என்றும், தாயின் மெய்யறிவு தமக்கு மிகவும் உவப்பானது என்றும் மகன் விடை கூறினார்.

அவையில் எல்லோரினும் இளையவன் பேரன் அதேயோதாது. இறைவனைத் தன்னிடம் கொண்டவன் யார் என்ற வினாவுக்கு, தூய்மையற்ற ஆவி இல்லாதவனே என்று அவன் சொன்னான். எல்லோர் விடையையும் ஏற்ற பாட்டி, பேரனின் விடையைச் சிறப்பாகப் போற்றினார். இப்பேரனின் தாயைப் பிரித்து அனுப்பிய வீட்டின் தலைவியும் இவரே. பேரனின் அறிவு கண்டு மகிழ்ந்த பாட்டியும் இவரே. மனித வாழ்க்கை இவ்வாறுதான் இழைகள் கலந்து நெய்யப்பட்டிருக்கிறது.

387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பெருவிழாவின் முன்னிரவில் அம்புரோசின் கையால் அகுஸ்தீனும், நண்பர் அலிப்பியுவும், அதேயோதாதுவும் திருமுழுக்குப் பெற்றனர். மகனும் பேரனும் ஒரே இரவில் அருள்நீராடியதைக் கண்ட அம்மையாரின் கண்ணீர், அன்று மகிழ்ச்சிக் கண்ணீர் ஆயிற்று.

ஓஸ்தியாவில்

ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் எண்ணத்துடன் அவர்கள் உரோமையின் துறைமுகமாகிய ஓஸ்தியாவுக்கு வந்து தங்கினர். ஒரு நாள் தாயும் மகனும் மட்டும், தோட்டத்தை நோக்கிய சாளரத்தருகே நின்று நிலைபேறான வாழ்வு பற்றி நெடுநேரம் உரையாடினர். ஒரு காலத்தில் ஒரே பந்தியில் அமராத இருவரும், அன்று ஒரே நினைவில் ஒன்றினர். இவ்வுலகில் தமக்கு இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அம்மையார் கூறினார்.

ஐந்து நாளோ சற்றுக் கூடுதலோ கழிந்ததும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தம் கணவரின் கல்லறைக்கருகே தமக்கும் இடம் வேண்டும் என்று முன்பெல்லாம் பெரிதும் விரும்பியவர் அவர். அதனால் அயல்நாட்டில் இறக்க நேர்வது பற்றி நவிஜியு வருந்தினார். அம்மையார் அவரைக் கண்டிப்புடன் நோக்கி, இவ்வுடலை எங்கேனும் அடக்கம் செய்யலாம். அதுபற்றிக் கவலை வேண்டா. எங்கிருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் தம்மை நினைவுகூர்ந்தால் போதும் என்றார். சொந்த ஊரிலிருந்து இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச் செல்ல அச்சமில்லையா என்று நண்பர்கள் வினவியபோது, இறைவனுக்கு எவ்விடமும் தொலைவன்று என்று விடையளித்தார். நோயுற்ற ஒன்பதாம் நாள், தம் 56ஆம் அகவையில் அவர் உயிர் பிரிந்தது.

மகன் தாயின் கண்களை மூடினார். பேரன் அதேயோதாது வாய்விட்டு அலறினான். சுற்றியிருந்தோர் அவனை அடக்கினர். நண்பர் எவோதியு சங்கீத நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டினர் அனைவரும் உடன்பாடினர். நம்பிக்கையுடன் இறந்தவர்க்காக அழுதல் ஆகாது என்று அகுஸ்தீனார் அடக்கத்தின்போதும் கண்ணீரைத் தடுத்துக்கொண்டார். மறுபடி தனிமையில் விழித்தபோது அந்தத் தடை உடைந்தது. தமக்காக எத்தனையோ ஆண்டுகள் அழுத தாய்க்காக ஒரு மணி நேரத்தில் சிறு பகுதி அழுததைக் குற்றம் என்று கருதுவோர் தம்மை ஏளனம் செய்ய வேண்டா என்று அவர் எழுதினார். பெரியவர்கள் அடக்க முயன்ற அழுகையைச் சிறுவன் முன்னரே அழுதுவிட்டான். பாட்டியின் பிரிவைப் பேரன் அறிந்த முறையே இயல்பானது.

நினைவு என்னும் கடன்

அதேயோதாது பதினாறு வயதில் தந்தையோடு உரையாடிய உரையாடலே ‘ஆசிரியர்’ எனப் பொருள்படும் நூல். அதில் மகனின் கூற்றுகளாக வருபவை யாவும் அவனுடைய கருத்துகளே என்று தந்தை உறுதி கூறுகிறார். அவ்விளைஞன் அதற்குப் பின் சிறிது காலத்திலேயே, ஏறத்தாழ பதினேழு வயதில் இறந்தான். அகுஸ்தீனார் ஹிப்போ நகரின் ஆயராகி 430ஆம் ஆண்டு மறைந்தார். மோனிக்காவின் மகள் கைம்மைக்குப் பின் பெண் துறவியர் இல்லத்திற்குத் தலைவியானார். நவிஜியுவின் பெண்மக்களும் துறவு வாழ்வை மேற்கொண்டனர்.

அம்மையாரின் கல்லறைக்கு அனிசியு பாசு என்னும் உரோமைப் பெருமகனார் கவிதை வரிகளைப் பொறிக்கச் செய்தார். அவ்வரிகள் ஏடுகளில் படியெடுக்கப்பட்டு நிலைத்தன; கல்லோ காணாமற்போயிற்று. 1430ஆம் ஆண்டில் அவர் எலும்புகள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. 1945ஆம் ஆண்டு கோடையில், ஓஸ்தியாவில் ஆலயத்தருகே சிறுவர் இருவர் விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, மண்ணுக்கடியிலிருந்து அக்கல்லின் ஒரு துண்டு வெளிப்பட்டது. எங்கேனும் புதைத்துவிடுங்கள் என்று சொன்னவரின் கல்வெட்டு, விளையாட்டுப் பிள்ளைகளின் கையில் அகப்பட்டதும் ஒரு பொருத்தமே. ஆகஸ்டு 27ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரை நினைவுகூர்கிறது. மறுநாள் மகனின் நினைவுநாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் மோனிக்கா என்னும் பெயர் வழங்கி வருகிறது.

தம்மை நினைவுகூருமாறு தாய் கேட்டார். மகன் ஒரு நூல் முழுவதையும் தந்தார். அந்நூலில் தாயின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. தம் பெற்றோராகிய மோனிக்காவையும் பத்ரீசியுவையும் நினைவுகூருமாறு படிப்போரை வேண்டிக்கொள்ளும் இடம் அது. முரட்டுத் தந்தையின் பெயரும் தாயின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளது.

தாயைத் தெய்வமாக்கிப் பாடுவது எளிது. பாடிய பின் அவர் மனிதராக இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். மது சுவைத்த சிறுமி, சினத்தால் கதவடைத்த தாய், மகனின் உயர்வுக்காக மற்றொரு பெண்ணின் வாழ்வைக் கருதாது விட்ட மாமி, நெடுநாள் வழக்கத்தை ஒரு சொல்லில் துறந்த மூதாட்டி, பேரனின் விடையில் மகிழ்ந்த பாட்டி ஆகிய அனைவரும் சேர்ந்தவரே மோனிக்கா. மகன் ஒன்றையும் மறைக்காது எழுதியதனால்தான் அவர் இன்றும் உயிரோடு நம்முன் நடக்கிறார்.

ஆயினும் அந்நூலில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் இறங்கித் தனியே நடந்துசென்ற அதேயோதாதுவின் தாய்க்கு அதில் பெயர் இல்லை. அவருக்கு நினைவாலயம் இல்லை, விழாநாள் இல்லை, மண்ணிலிருந்து எடுக்கக் கல்லும் இல்லை. மோனிக்கா அம்மையாரைப் போற்றும் ஒவ்வொருவரும், அவருடைய பேரனைப் பெற்ற அந்தப் பெண்ணையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும். அப்போதுதான் அன்னையர்க்கு நாம் செலுத்தும் நினைவுக்கடன் நிறைவு பெறும்.